கலுனாயில் பதினோரு பேர்

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்குத் தெரியும். பைக் ஓட்டிய நிலோவுக்கும் தெரியும். அது போதும்.

சான் ரொகேலியோ நகராட்சிக்கு நான் வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஊரின் வரலாறும் விவரங்களும் அடங்கிய புத்தகத்தை வருஷா வருஷம் திருத்துவது அலுவலகத்தில் என் பொறுப்பு. எந்தக் குடியிருப்பில் எத்தனை வீடு, எத்தனை தலை, எத்தனை தென்னை எல்லாம் அதில் இருக்கும். மலைமேல் இருக்கும் கலுனாய் குடியிருப்புக்கு நேரே, ஒரு வீடு, பதினோரு பேர் என்றிருந்தது. முந்தின புத்தகத்திலும் பதினோரு பேர். முப்பது வருஷமாக ஒரு பிறப்பில்லை, ஒரு சாவில்லை. எல்லாரும் பழைய புத்தகத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். நானாவது போய் எண்ணுவோம் என்று கிளம்பினேன்.

அன்று என் ஐந்து வயது மகள் அனிங்குக்குக் காய்ச்சல். வீட்டில் நாங்கள் இருவர்தான். பக்கத்து வீட்டு செலாவைத் துணைக்கு வைத்துவிட்டு வந்தேன்.

மாலை 3.40. ஓடைக்கரையில் நிலோ பைக்கை நிறுத்தினான்.

"இதுக்கு மேல வண்டி ஏறாதுக்கா. பேய் புடிச்சா கத்துங்க."

"கத்தினா வருவியா?"

"வண்டிய எடுத்துட்டு ஓடத்தான்."

4.15. வீடு தெரிந்தது. கதவு திறந்திருந்தது. சுவரோரமாக எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நல்ல கோடை... ஆனால் எல்லார் காலிலும் ஈரச் சேறு.

ஒரு பெரியவர் இஞ்சித் தண்ணீரை நீட்டினார். டம்ளர் சில்லென்றிருந்தது.

"எத்தனை பேர் ஐயா?"

"பதினோரு பேர்."

எண்ணினேன். சரியாக இருந்தது.

"உன் வீட்ல?"

"ரெண்டு பேர். நானும் மகளும். அவளுக்குக் காய்ச்சல்."

தலையாட்டினார்.

கிளம்பினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் வாசல்வரை வரவில்லை. கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

5.20. கீழே நிலோ, "கடையில ஒரு சிகரெட் அடிச்சிட்டுப் போலாமா?" என்றான்.

"வேண்டாம். குழந்தை காத்திருக்கும். நேரா வீட்டுக்கு விடு."

மறுநாள் அலுவலகத்தில் சொன்னேன். பழைய குமாஸ்தா அம்போ பேனாவைக் கீழே வைத்தார்.

"கலுனாயா? அங்க ஏதும்மா வீடு? முப்பது வருஷம் முன்னாடி புயல்ல மலை சரிஞ்சு மூடிடுச்சு. ஒரு உடலும் கிடைக்கல. துக்கம் கேக்கக்கூட யாரும் போகல. அந்தப் பதினோரு பேரை மட்டும் புத்தகத்துலருந்து அடிக்க யாருக்கும் மனசு வரல."

யாரும் வாசல்வரை வராதது நினைவுக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் மட்டும்தான் வந்தவரை வழியனுப்ப மாட்டார்கள்.

அங்கிருந்து யாரும் நேராக வீட்டுக்கும் போக மாட்டோம். எங்காவது, ஒரு கடையிலாவது, நின்று போவோம். பின்னால் வருவது அங்கேயே வழி தவறட்டும் என்று.

நான் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் சுகாதாரப் பணிப்பெண் அலுவலகத்துக்கு வந்து கணக்கெடுப்புத் தாளில் கையெழுத்துக் கேட்டாள். என் வீட்டுக்கு நேரே மூன்று என்றிருந்தது.

"ரெண்டுதானே?"

"பெரியவரோட சேத்துத்தான் அக்கா. பாப்பா பக்கத்துல உக்காந்து விசிறிட்டு இருந்தாரே... கால் பூரா சேறு."

வீட்டுக்கு ஓடினேன்.

அனிங் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டேன்.

காய்ச்சல் இல்லை...

அந்த டம்ளர் போலச் சில்லென்றிருந்தது.

அவள் எழுந்து நடமாடுகிறாள். நெற்றி மட்டும் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.