அறுபது படம், ஒரு கடல்

1. பச்சைக் கடல்

எங்கள் முதலாளி பாஸ்கர் அண்ணன் பொம்மையார்பாளையம் கடலைப் படம் எடுத்துக்கொண்டு திண்டிவனம் ஸ்டூடியோவுக்குத் திரும்பினார். மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடல் பச்சை, வானம் பச்சை, மணல்கூடப் பச்சை.

"இன்னாண்ணா, கீரை கடைஞ்சி ஊத்துனாப்ல கீது?" என்றேன்.

"சிரிக்காத செல்வி. எனக்கே பேஜாரா இருக்கு."

கடற்கரையில் புதிதாகக் கெஸ்ட் ஹவுஸ் கட்டிய தாமஸ் சார், வரவேற்பறைச் சுவருக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடல் படம் கேட்டிருந்தார். காலை வெளிச்சம் வேண்டும். அலை பால் மாதிரி வழுவழுவென்று இருக்க வேண்டும். ஆள் ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. அலை அப்படி வர ஷட்டர் பல விநாடி திறந்திருக்க வேண்டும். பகலில் அவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துப் போகும். அதற்கென்றே லென்சில் மாட்டும் கறுப்பு ஃபில்டர் உண்டு. எங்கள் ஊரில் அதை யார் விற்றார்கள்? அண்ணன் வெல்டிங் பட்டறையில் ஒரு கண்ணாடி வாங்கி, ரப்பர் பேண்டு போட்டு லென்சில் கட்டிவிட்டார். வெல்டிங் கண்ணாடி பச்சை அல்லவா!

கலரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். பச்சை போனால் மணல் ஊதாவாக வந்து நின்றது. திறப்பு விழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

2. கண் மூடும் மாமாக்கள்

1993-ல், ஃபிலிமில் முகத்துப் புள்ளிகளைப் பென்சிலால் திருத்தும் நெகட்டிவ் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தவள் நான். கம்ப்யூட்டர் வந்ததும் ஆல்பம் டிசைனர் ஆனேன். கல்யாண குரூப் போட்டோவில் எந்த மாமாவாவது கட்டாயம் கண்ணை மூடிவிடுவார். அதனால் ஐந்தாறு படம் எடுப்பார்கள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக லேயர் வைத்து, மூடின கண்ணுக்குப் பதில் அடுத்த படத்திலிருந்து திறந்த கண்ணைக் கொண்டுவருவது என் பிழைப்பு.

அப்படி அடுக்கும்போது ஒரு தடவை மேல் லேயர்களின் ஒபாசிட்டியைக் குறைத்து, அடியில் உள்ளது தெரியும்படி மெலிதாக்கிப் பார்த்தேன். அசையாமல் நின்ற பெரியவர்கள் அப்படியே இருந்தார்கள். குறுக்கே ஓடின பிள்ளைகள் மட்டும் புகையாகக் கரைந்திருந்தார்கள். பச்சைக் கடலைப் பார்த்தபோது அது ஞாபகம் வந்தது. ஒரே நீளமான ஷாட்டுக்குப் பதில் அறுபது சின்ன ஷாட் எடுத்து அடுக்கினால் அலையும் கரையுமே!

"ஃபில்டரே வேணாம்ணா. ஒரே எடத்துல நின்னு அறுவது படம் எடுக்கணும். நானே போய் எடுக்கறேன்."

வெளியே போய்ப் படம் எடுக்க விடுங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிடுவார்.

"பொம்பள கேமரா புடிச்சா பார்ட்டி இன்னாம்மா நெனைப்பாங்க?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "பச்சக் கடலப் பாத்தா மட்டும் இன்னா நெனைப்பாங்க?"

அண்ணன் பச்சைக் கடலை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "சரி, எடு. ஆனா ஒண்ணு. சொதப்புனன்னு வெச்சிக்க, அதோட கேமரா பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார்.

சரி என்றேன். பின்வாங்க மனசு வரவில்லை.

3. நிக்காதீங்க!

மறுநாள் காலை ஆறரைக்கு, அதே கடற்கரையில், ட்ரைபாடை ஈர மணலில் ஊன்றினேன். அண்ணனும் கூட வந்திருந்தார். ஃபோகஸ் மேனுவல், கலர் பேலன்ஸ் ஒரே அளவு, வெளிச்சம் குறைவாக நுழைய அப்பர்ச்சர் இருபத்திரண்டு. எதையும் ஆட்டோவில் விடவில்லை. விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும்.

இருபது படம் எடுத்திருப்பேன். பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார், பெயர் அஞ்சலை. அவர் கத்தினார். "இந்தாம்மா, உன் முக்காலி எறங்கிக்கினு போவுது பாரு!"

பார்த்தால், அலை வந்து போகப் போக ட்ரைபாட் கால் மண்ணுக்குள் புதைந்துகொண்டிருந்தது. முதல் படத்துக்கும் இருபதாவது படத்துக்கும் கடல் கோடு விரல் அளவு தள்ளியிருந்தது. இருபதும் வீண். வெயில் ஏறினால் வெளிச்சம் கூடி ஷட்டரை வேகமாக்க வேண்டிவரும். அப்புறம் அலை பாலாக வராது. பின்னால் நின்ற அண்ணன் வாட்சைப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அஞ்சலை அக்காவே ஒரு படகுப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது மேல வை. ஜல்தியா வேலயப் பாரு." பலகைமேல் கால்கள் உட்கார்ந்தன. ஒன்றிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தேன்.

அப்போது வலையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் குறுக்கே வந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் வலையை இறக்கிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கையைக் கட்டி வரிசையாக விறைப்பாக நின்றுவிட்டார்கள்.

"ஐயோ, நிக்காதீங்கண்ணா! நடந்துகினே இருங்க!"

"போட்டா எடுக்கறப்ப நிக்கக் கூடாதா? இன்னா போட்டாமா இது?"

"நடந்தா கரஞ்சிடுவீங்க. நின்னா படத்துல ஒட்டிக்குவீங்க!"

"கரைக்கறியா எங்கள?" என்று ஒருத்தர் சிரித்தார். தங்கள் முகமே வராத போட்டோவுக்காக நாலு பேரும் வலையோடு விடுவிடுவென்று நடந்தார்கள். காலமெல்லாம் 'ஆடாதீங்க, அசையாதீங்க' என்று சொல்லும் தொழிலில் அன்று காலை முழுக்க நான் எதிர்மாறாகக் கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது. அறுபது படமும் முடிந்தது.

4. சுவர்

ஸ்டூடியோவில் அறுபதையும் ஒன்றாகத் திறந்தேன். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. சரி, பத்துப் பத்தாகப் பிரித்தேன். ஒபாசிட்டி கணக்கு இது: அடிப்படம் நூறு சதவீதம், அடுத்தது ஐம்பது, அதற்கடுத்தது முப்பத்து மூன்று, பிறகு இருபத்தைந்து, இப்படியே பத்தாவது படம் பத்து. அப்போதுதான் எல்லாப் படத்துக்கும் சம பங்கு. ஒவ்வொரு பத்தையும் ஒரே படமாக்கி ஆறு வந்ததும், அந்த ஆறையும் அதே கணக்கில் அடுக்கினேன்.

அலை அடங்கியது. ஆனால் மணலில் ஆட்கள் லேசாகப் பேய் மாதிரி தெரிந்தார்கள். அதற்கா பயப்படுவேன்? எத்தனை மாமாக்களுக்குக் கண் வைத்தவள்! ஆளும் தடமும் இல்லாத மணலை ஒவ்வொரு படத்திலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து, வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் போட்டு மேலே வைத்தேன். கடைசிப் பேயும் போனது. இளம் வெயில், பால் மாதிரி தண்ணீர், ஒரு கால் தடம்கூட இல்லாத கரை. கத்த வேண்டும் போல இருந்தது. நிஜமாகவே கத்திவிட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், பிரிண்ட் போட்டு கெஸ்ட் ஹவுஸ் சுவரில் ஒட்டினார்கள். தாமஸ் சார் கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளிப் போய்ப் பார்த்தார். "பாஸ்கர், இதான்யா நான் கேட்டது! எந்த ஃபில்டர் போட்டீங்க?" என்று அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அண்ணன் கையை விடுவித்துக்கொண்டு என்னைக் காட்டினார். "ஃபில்டரும் இல்ல, நானும் இல்ல சார். எங்க செல்வி மேடம் எடுத்தாங்க."

மேடமாம்! இத்தனை வருஷத்தில் அவர் வாயில் வராத சொல். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

இன்றைக்கு ஸ்டூடியோக்களில் மவுஸ் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். அடுத்தவர் எடுத்த படத்தின் ஓட்டையை அடைத்து அடைத்தே நீங்கள் பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். மீதிப் பாதி வெளியே இருக்கிறது. கேமராவை அவர்களாகக் கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கேளுங்கள், சண்டை போட்டாவது வாங்குங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு நான் அப்படித்தான் மண்டபத்துக்குப் போனேன், கழுத்தில் கேமராவோடு.