கண்ணாடியில் நிமிர்ந்த மலை

சென்னைக்குத் தொலைக்காட்சி வந்த மறு வருஷம், தாம்பரத்தில் எங்கள் டிவியின் பிக்சர் டியூப் போய்விட்டது. ஒரு ஞாயிறு மதியம் குரோம்பேட்டை மெக்கானிக் புது டியூப் கொண்டுவந்து மாற்றினார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். சாயங்கால சினிமாவுக்குத் தெருவே எங்கள் கூடத்தில் காத்திருந்தது.

பின்னால் நின்று வேலை செய்பவருக்குத் திரை தெரியாது. அதனால் சுவர்க் கண்ணாடியைக் கழற்றி என்னை எதிரே பிடிக்கச் சொன்னார். சாயங்காலம் ஒளிபரப்பு தொடங்கியதும் திரையில் படம் வந்தது, தலைகீழாக.

"என்ன சார், மலையே சிரசாசனம் பண்ணுது?" என்றார் பக்கத்து வீட்டு டீச்சர்.

"காயிலைத் தலைகீழா மாட்டிட்டேன் டீச்சர், இருங்க."

டியூப்பின் கழுத்திலிருந்த காயிலை அவர் மெல்லத் திருப்பினார். என் கையிலிருந்த கண்ணாடிக்குள் மலையும் மரங்களும் வானமும் அப்படியே சுழன்று நிமிர்ந்தன. கூடம் கைதட்டியது. கண்ணாடியைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.