கார்புரேட்டர் வாயில் ஒரு பித்தளை வலை

ஷேக் மைதீன் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வார்டில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி என்றார்கள். அன்று எல்லோரும் அவரைப் பற்றி ஏதாவது சொன்னார்கள். எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி வாசலில் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது.

நம் மருத்துவமனையின் பழைய கறுப்புக் காரை ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் அவர்தான். விருதுநகரில் அவருடைய அண்ணன்மார் கொத்தமல்லி விதை வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் மோட்டார் பட்டறைக்குப் போனார். "அவுக கையில மல்லி வாசம், என் கையில பெட்ரோல் வாசம். ரெண்டும் ஒரே உம்மா பெத்ததுதான்" என்பார்.

பட்டாசுக் கம்பெனிகளில் தீக்காயம் பட்டவர்களை ஏற்றிவர அந்தக் கார்தான் போகும்; நர்ஸாக நானும் கூடப் போவேன். மேடு வந்தால் திணறும். ஒரு நாள், திருத்தங்கலைத் தாண்டுவதற்குள் ஒரு பெண் என் மடியிலேயே இறந்துபோனாள். அன்று மாலை அண்ணனிடம் போய், வண்டி இன்னும் வேகமாக ஓட ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை.

ராணுவம் கழித்த லாரி ஒன்றின், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பெரிய கார்புரேட்டரை மதுரையிலிருந்து வாங்கிவந்தார். பழைய மேக்னெட்டோவைக் கழற்றிவிட்டு, பாட்டரியிலிருந்து பொறி தரும் காயிலை மாட்டினார். என்ஜின் மூச்சு வாங்குவதே மாறிவிட்டது. முதல் முறை பஸ்ஸை முந்தியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். "சிரிச்சிட்டீக, இனிக் கழட்ட முடியாது" என்றார்.

பட்டாசுக் கம்பெனிக்குள் எந்த வண்டியும் ஓடி நுழையக் கூடாது. வாசலிலேயே என்ஜினை அணைத்து, கையால் உள்ளே தள்ளிப்போய், ஆளை ஏற்றி, மறுபடி வெளியே தள்ளிவந்துதான் கிளப்ப வேண்டும். ஒரு நாள் விஸ்வநத்தத்தில் அப்படி வெளியே வந்து, சூடு ஆறாத என்ஜினைக் கிளப்பினார். கார்புரேட்டர் வாய்வழியே பெரிய சத்தத்தோடு வெடித்தது. வேறு ஊரென்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே, உள்ளே வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்த பெண்கள் விபத்து என்று பயந்து போட்டது போட்டபடி வெளியே ஓடிவந்தார்கள். ஒருத்திக்கு விழுந்ததில் கை முறிந்தது.

"யாருய்யா இந்த வேலையச் செய்யச் சொன்னது?" என்று மேனேஜர் கேட்டார்.

"நானாத்தான் செஞ்சேன். காத்து அளவு தப்பிப்போச்சு" என்றார் அண்ணன்.

கேட்டது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இனி அந்தக் கார் இந்தப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காயம் பட்டவர்களை மாட்டுவண்டியில் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

அண்ணன் எல்லாவற்றையும் பிரித்தார். பெட்ரோல் கூடுதலாகப் பாய வழி செய்தார், பொறி விழும் நேரத்தை மாற்றினார். கார்புரேட்டர் வாயில் பித்தளைக் கம்பிவலையை மூன்று மடிப்பாக வைத்துக் கட்டினார். உள்ளே வெடித்தாலும் தீ அதைத் தாண்டாது. வேகம் கொஞ்சம் குறைந்தது. "இனி பஸ்ஸ முந்த முடியாது சிஸ்டர். ஆனா எங்கன அணைச்சாலும் திரும்பக் கிளம்பும்."

பிறகு விஸ்வநத்தத்துக்குப் போய்க் கம்பெனிக்கு வெகு தொலைவில் ரோட்டோரமாக நிறுத்திவிட்டு, மேனேஜரையும் கை முறிந்த பெண்ணையும் வரச் சொன்னார். சூடான என்ஜினைப் பத்து முறை அணைத்தார், பத்து முறை கிளப்பினார். "நீங்க சொல்லுங்க தாயி. வரலாமா, கூடாதா?" என்று அவளைத்தான் கேட்டார்.

கட்டுப்போட்ட கையோடு அவள் பானெட்டுப் பக்கம் குனிந்து என்ஜின் சத்தத்தைக் கேட்டாள். "தையல் மிசினு கணக்கா இருக்கு. வரட்டும்."

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அண்ணனின் மனைவியிடம் போய், அன்று சொல்லாததைச் சொன்னேன். "அவுக சொல்லிருக்காக. சிஸ்டர் மடியில ஒரு பொம்பளப்பிள்ள செத்துப்போச்சு, பெறகு கேக்காம என்ன செய்வாகன்னு சொன்னாக" என்றார்.

ஒரு வேலை சரியாகிவிட்டதா என்பதை, அதனால் அடிபட்டவரிடம் கேட்க வேண்டும். அண்ணனிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அதுதான்.

மறுநாள் மேனேஜருக்கு நடந்ததைக் கடிதமாக எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த வாரம் அதே கம்பெனியிலிருந்து வண்டி கேட்டு ஆள் வந்தது. புது டிரைவரோடு போனேன். காயம்பட்ட பெண்ணை ஏற்றி வெளியே தள்ளிவந்ததும், வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பியது.