பூச்சூடிய துப்பாக்கியும் பெர்மிட்டில் இருப்பவனும்

நம்மூரில் இன்னொரு மாநிலத்துக்குப் போவதென்றால் அது ஒரு பயணம். புளிச்சோறு கட்ட வேண்டும், சோதனைச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் காத்துக் கிடக்க வேண்டும், பலகைகளில் எழுத்து மாறியதும் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிக் காட்ட வேண்டும். கோலாலம்பூரில் அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் போதும், சிலாங்கூர் வந்துவிடும். பெடரல் நெடுஞ்சாலையின் குறுக்கே பெரிய வளைவு ஒன்று நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் தலைநகர், அந்தப் பக்கம் வேறு மாநிலம். இந்தப் பதினோரு வருடத்தில் ரொட்டி வாங்கக் கிளம்பி மாநிலம் கடந்து திரும்பியவன் நான். போன விஜயதசமியன்று ஒரு கைத்துப்பாக்கியோடு கடந்தேன்.

துப்பாக்கி என்னுடையதல்ல. பிரிக்பீல்ட்ஸில் நான் மேற்பார்வையாளராக இருக்கும் நகைக்கடையின் முதலாளியுடையது. அவரை எல்லோரும் பாஸ் என்போம். இங்கேயே பிறந்தவர், அவருடைய தாத்தா ரயில்பாதை போட வந்தவர். முறைப்படி லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி. கள்வனை நோக்கி அது இதுவரை நீட்டப்பட்டதில்லை, விருந்தாளிகளுக்குக் காட்டப்பட்டிருக்கிறது. கடை சிலாங்கூரிலுள்ள கிள்ளானுக்கு மாறுவதால் அதுவும் மாற வேண்டும். அதற்குப் போலீசில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். உரிமையாளரே கொண்டுபோக வேண்டும், வேறு யார் பொறுப்பிலும் விடக்கூடாது, தாள்கள் துப்பாக்கியோடு இருக்க வேண்டும், வழியில் எங்கும் நிறுத்தக்கூடாது. பாஸ் அதை எனக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினார். எனக்கு வேலை வண்டி ஓட்டுவது மட்டுமே.

ஆனால் முதல்நாள் ஆயுத பூஜை. கடைத் தராசு, பட்டறைச் சுத்தியல், கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிறகு, ஆயுதம் என்ற பெயருக்கு உண்மையிலேயே தகுதியுள்ள ஒன்றை எப்படி விட்டுவிடுவது? துப்பாக்கிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். பெட்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றினார். மறுநாள் காலை அந்த இரும்புப் பெட்டியை முன் இருக்கையில் வைத்துச் சீட் பெல்ட் மாட்டினார். குண்டுகள் தனிப் பெட்டியில், காரின் பின்பக்கத்தில். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பாஸ் பின்னால் உட்கார்ந்தார். இதுவரை எல்லாம் சட்டப்படிதான்.

முதல் தெருவைத் தாண்டுமுன்னே பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தச் சொன்னார். எங்கும் நிறுத்தக்கூடாது என்று கடிதத்தில் இருக்கிறதே என்றேன். “கோயில்ல நிறுத்துனா அது நிறுத்துனதா லா?” என்றார். பொருளைக் கோயிலுக்குள் கொண்டுபோவது தகாது என்று என்னிடம் விட்டார். லைசென்ஸும் கடிதமும் இருந்த கோப்பைச் சாமி காலடியில் வைத்து எடுக்க வேண்டும் என்று தேங்காயோடு தூக்கிக்கொண்டு போனார். போனை வண்டியிலேயே வைத்துவிட்டார், பக்தி குலையக்கூடாதாம்.

ஆக, துப்பாக்கி என்னிடம், தாள் பிள்ளையாரிடம். இந்த நாட்டில் லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கி இருந்தால் சிறையும் உண்டு, பிரம்படியும் உண்டு. நானோ வேலை பெர்மிட்டில் இருப்பவன். அதுவும் அடுத்த மாதம் முடிகிறது. அடி வாங்கிய பிறகு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஊரில் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளை நினைத்ததும் ஏர்கான் காற்றிலும் எனக்கு வேர்த்தது.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். பாஸ் கோயிலுக்குள் இருக்கிறார் என்று என் ஓட்டை மலாயில் விளக்கினேன். வண்டியை எடுக்கிறாயா, சம்மன் எழுதவா என்று கேட்டார். எடுத்தேன். ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம் என்று நினைத்தேன். பிரிக்பீல்ட்ஸின் ஒருவழித் தெருக்கள் நினைப்பவனுக்காகப் போடப்பட்டவை அல்ல. பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்ததில் ஒரு திருப்பம் போயிற்று. அடுத்து நிமிர்ந்து பார்த்தபோது, தலைக்கு மேல் அந்த வளைவு.

எனக்குத் துப்பாக்கி புதிதல்ல. அப்பா தஞ்சாவூரில் வங்கிக் காவலாளி, சொந்தமாக இரட்டைக்குழல் வைத்திருந்தார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அவர் மொபெட் ஓட்ட, கல்லூரி மாணவனான நான் பழைய போர்வையில் சுற்றிய துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பேன். வழியில் டீ குடிப்போம். துப்பாக்கி பெஞ்சில் சாய்ந்திருக்கும். ஒருநாளும் யாரும் தாள் கேட்டதில்லை. ஸ்டேஷன் ஏட்டு என்னைப் பார்த்து, எத்தனை அரியர் என்றுதான் கேட்பார். இன்னார் மகன் என்பதுதான் என் லைசென்ஸ். அது விமான நிலையத்தோடு காலாவதியாகிவிடும் என்று அப்போது தெரியவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் யூ-டர்ன் அடித்துத் திரும்பினால், வளைவுக்கு அடியிலேயே போலீஸ் தடுப்பு. போகும்போது எதிர்ப்பக்கம் இருந்ததை நான் பார்த்திருக்கவில்லை. இளைஞர் ஒருவர் குனிந்து பூச்சூடிய பெட்டியைப் பார்த்தார்.

“பாராங் செம்பஹ்யாங்?” என்றார். பூஜைச் சாமானா என்று அர்த்தம்.

ஆமாம் என்றேன். முந்தைய நாள் கற்பூரம் காட்டியதை நினைத்துப் பார்த்தால் முழுப் பொய்யும் அல்ல. அவர் தலையாட்டிவிட்டு என் பெர்மிட்டைக் கேட்டார். முன்னே, பின்னே, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டி, ஐந்து நிமிடம் பார்த்தார். அடுத்த மாதம் முடிகிறதே என்று இரண்டு தடவை கேட்டார். தாளில்லாத துப்பாக்கி பெல்ட் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. தாளுள்ள நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் போகச் சொன்னார்.

கோயில் வாசலில் பாஸ் தேங்காய்த் தட்டோடு வெயிலில் நின்றார். கதவைத் திறந்ததும், “பொருள் பத்திரமா?” என்றார்.

“பத்திரம் பாஸ். சிலாங்கூர் போய்ட்டு வந்துச்சு.”

“தாள் இல்லாமயா?” முகம் வெளுத்துவிட்டது. “ரோட்பிளாக் இல்லயா?”

“இருந்துச்சு. தாள் பிள்ளையார்கிட்டதான இருந்துச்சு.”

சற்று யோசித்தார். “அதான் ஒண்ணும் ஆவல, பாத்தியா?” என்று சொல்லி எனக்கும் திருநீறு பூசிவிட்டார். நான் பத்திரமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அது எனக்கே வெட்கமாக இருந்தது.

கிள்ளான் போலீஸ் நிலையத்தில் பத்து நிமிடம்தான். அதிகாரி டிஷ்யூவால் சந்தனத்தைத் துடைத்து வரிசை எண்ணை வாசித்தார், சிரித்தார், முத்திரை குத்தினார். துப்பாக்கியும் வெளிநாட்டில் செய்ததுதான். பெர்மிட்டுக்காக எனக்குச் செய்வதுபோல் அதன் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை, நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கவில்லை, ஊருக்கு எப்போது திரும்புவாய் என்று கேட்கவில்லை. பாஸ் அங்கேயே தங்கிவிட்டார். தேங்காயின் ஒரு மூடியைப் புதுக்கடைக்கு வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் தந்து, வண்டியைப் பிரிக்பீல்ட்ஸில் விடச் சொன்னார். முன் இருக்கையில் அதை வைத்தேன். உருளாமல் இருக்கப் பெல்ட்டையும் மாட்டினேன்.

மாலை ஜாமில் ஊர்ந்து அதே தடுப்புக்கு வந்தேன். இப்போது வேறு போலீஸ்காரர், வயதானவர். கேட்குமுன்னே பெர்மிட்டை நீட்டினேன். அவர் பெல்ட் மாட்டிய தேங்காய்மூடியைப் பார்த்தார், இருக்கையில் உதிர்ந்து கிடந்த மல்லிகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன இது என்றார்.

“பாராங் செம்பஹ்யாங்,” என்றேன். அன்று அந்தத் தடுப்பில் நான் சொன்ன முதல் சுத்தமான உண்மை அதுதான்.

அவர் நம்பவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார், பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார், ஸ்டெப்னியைக்கூடத் தூக்கிப் பார்த்தார். என் பெர்மிட்டை வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டார். நான் வளைவுக்கு நேர்கீழே, கையில் ஒன்றுமில்லாமல், எந்த மாநிலத்தில் நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றிருந்தேன்.