கல் பங்களாவில் நான் ஆஜர்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். பேய்க்கதை சொல்கிறவர்களின் பின்னால் நின்று 'பே' என்று கத்துகிற ஆள் நான்.

அறுபதுகளில் போர்ட் பிளேயரில் எனக்கு மஸ்டர் குமாஸ்தா வேலை. காலையில் கூலியாட்களை நிறுத்தி இந்தியில் ஒன்று, இரண்டு என்று நான் எண்ண, ஒவ்வொருவரும் "ஹாஜிர்" என்பார்கள். லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பியிருந்தேன். மனைவியை அடுத்த கப்பலில் மாமனார் அழைத்துவருவதாக ஏற்பாடு. 'வீடு சரியில்லையென்றால் அதே கப்பலில் பெண்ணைத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவேன்' என்று கடிதம் வேறு.

குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. பெரிய ஆபீசர்கள் வசிக்கிற மேட்டில், அவர்களுடைய நாய்கள்கூட என்னைவிடச் சுத்தமாக இருந்த தெருவில், வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளை வைத்துக் கட்டிய கல் பங்களா ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். "ஃபிக்கர் பண்ணாதீங்க பாபு, கவலையே வேணாம், பக்கா கல்லு, புயலுக்கே அசையாது" என்றார் வீட்டுக்காரர். புயலைப் பற்றி மட்டும்தான் சொன்னார்.

அந்தமானில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். முதல் நாள் அந்த நேரத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே கரகரத்த குரல் ஒன்று, "ஏக்... தோ... தீன்..." என்று எண்ணிக்கொண்டே போய், "பாரா" என்று பன்னிரண்டில் நின்றது. மறுபடி "பாரா". ஆபீஸ் பயல்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். தினமும் எண்ணுகிறவன், ஒருநாள் பதிலும் சொல்லிப் பார்ப்போமே என்று, அந்தக் காலத்துக் கைதி ஜெயில் காவலனுக்குச் சொல்வதுபோல், "ஹாஜிர் ஜமேதார் சாப்!" என்று கத்தினேன். குரல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் ஆளில்லை. மழை ஊறிய மண்ணில் ஒரு தடமில்லை.

மறுநாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். "பாரா." ஜன்னலருகே "பாரா." ஐந்தாவது தடவை அடுப்புக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து. என் வாய் என்னைக் கேட்காமலே "ஹாஜிர்" என்றது. நம்பினால் நம்புங்கள், ஆபீசில்கூட நான் அத்தனை ஒழுங்காக ஆஜரானதில்லை. வேறு வீடு தேடினேன், கிடைக்கவில்லை, கப்பல் வந்துவிட்டது.

மாமனார் சுவரைத் தட்டிப் பார்த்துத் திருப்தியானார். ஐந்து மணிக்கு எண்ணிக்கை தொடங்கியது. என் முறை வந்ததும் டம்ளருக்குள் முணுமுணுத்தேன்.

"யாருக்கு மாப்ளே பதில் சொல்றீங்க?"

அந்தக் குரல் அவருக்குக் கேட்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், முதல்முறையாக அது "தேரா" என்று பதின்மூன்றைக் கூப்பிட்டது. சமையலறையிலிருந்து என் மனைவி, "ஹாஜிர்" என்றாள். இந்தியில் ஒரு வார்த்தை அறியாதவள்.

பிறகு "சௌதா". பதினான்கு. இரண்டாவது "சௌதா" ஜன்னலருகே. மூன்றாவதற்கு நான் காத்திருக்கவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் செருப்போடு தெருவுக்கு ஓடினேன். மாமனார் பெட்டியோடு துரத்திவந்தார். "பைத்தியமா மாப்ளே? வாம்மா, கப்பலுக்குப் போகலாம்!"

"நீங்க போங்கப்பா. இவரைத் தனியா விட்டா பயத்துலயே போய்ச் சேந்துடுவார்" என்றாள் அவள். பிறகு என்னிடம் மெதுவாக, "என்னைத்தானேங்க கூப்பிட்டாங்க?"

குட்வில் எஸ்டேட் பகுதியில் இருந்த ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தப் பதினான்கு மாமனார்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் அவளுக்குத் தலைசுற்றல். ஆஸ்பத்திரியில், இரண்டு மாதக் கர்ப்பம் என்றார்கள். பதினான்கைக் கூப்பிட்ட அந்த மாலையில் அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

இப்போது மகளுக்கு எட்டு வயது. ஐந்து மணியானால் ரேடியோவை அலறவிடுகிறேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்: "ஏம்ப்பா, யாராவது என்னைக் கூப்பிட்டா எப்படிக் கேக்கும்?"