ஐஸ்கட்டி காட்டிய மூன்று டிகிரி

8 மே 2007, செவ்வாய், காலை 10.20. கத்திரி வெயில், கடல் காற்று இன்னும் இறங்கவில்லை. குடிகாட்டில் எங்கள் சாயத் தொழிற்சாலையின் இரண்டாவது பேட்ச்சும் கெட்டுப்போனது. ஆய்வுக்கூட கெமிஸ்ட் நான். எனக்கே காரணம் புரியவில்லை.

எங்கள் மூலப்பொருள் சயனூரிக் குளோரைடு. மூன்று கார்பனும் மூன்று நைட்ரஜனும் மாறி மாறி அமைந்த டிரையசின் வளையம்; அதில் மூன்று குளோரின். சோளக்காட்டுக் களைக்கொல்லியும் மெலமின் தட்டும்கூட இந்த வளையத்துக்கு உறவுதான். முதல் குளோரின் ஐந்து டிகிரிக்குள்ளேயே கழலும். இரண்டாவது முழுதாகக் கழல நாற்பது வேண்டும், ஆனால் பத்தைத் தாண்டினாலே மெல்லத் தொடங்கிவிடும்; மூன்றாவதற்குத் தொண்ணூறு. முதல் கட்டத்தில் ஒன்றுதான் கழல வேண்டும் என்பதால் ரியாக்டருக்குள்ளேயே ஐஸ் கொட்டுவோம். இந்த இரண்டு பேட்ச்சிலும் இரண்டாவதும் கழலத் தொடங்கியிருந்தது. ரியாக்டரின் வெப்ப மீட்டரோ கடைசிவரை மூன்று டிகிரிதான் காட்டியது.

"சேவியரு சோடாவ மடமடன்னு ஊத்தியிருக்கான். அப்படியே ரிப்போர்ட் எழுதுங்க சார், அவன நாளைக்கே வேலையிலேர்ந்து நிறுத்திடுறேன்" என்றார் மேனேஜர்.

குளோரின் கழலும்போது வரும் அமிலத்தை முறிக்கச் சேர்க்கும் சோடா கரைசல் வேகமாகப் போனாலும் பேட்ச் கெடும். மறுக்க முடியவில்லை.

ஆபரேட்டர் சேவியர் அடுத்த மாதம் பணி நிரந்தரம் ஆக வேண்டியவர். "மாதா சத்தியமா சொட்டு சொட்டாதான் சார் வுட்டேன். ஐஸ் ஒடச்சே தோள்பட்ட போச்சு, இதுல பழி வேற."

"ஐஸை ஏன் உடைக்கிறே?"

"மீன்புடி தடைக்காலம் சார். முதுநகர் ஐஸ் கம்பெனி மூடிட்டான். அவன் மெஷின்ல தூளாக்கிக் குடுப்பான். சிதம்பரத்துலேர்ந்து வர்றது பாளம் பாளமா முழுப் பாரு ஐஸு, நாமதான் ஒடைக்கணும்."

ரியாக்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். தேங்காய் பருமனில் கட்டிகள், மீட்டர் குழாயைச் சுற்றி நெருக்கியடித்துக் கிடந்தன. அப்படியானால் அந்த மூன்று டிகிரி யாருடையது? கலவையுடையதா, கட்டியுடையதா?

ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டர் உடைந்து மாதமாகியிருந்தது. சிதம்பரம் போய், கல்லூரிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் ஒன்று வாங்கிவந்தேன். அடுத்த பேட்ச்சில் எதிர்ப்புறமிருந்து கலவையை மொண்டு அளந்தேன். பன்னிரண்டு. மீட்டரில் மூன்று.

மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார், ஒரே அண்டாவுல மார்கழியும் சித்திரையுமா?"

ரிப்போர்ட்டில் காரணம் ஐஸ் கட்டி என்று எழுதினேன். சேவியர் நிரந்தரமானார். சோடாவும் கொஞ்சம் வேகமாகப் போனதோ என்ற குழப்பம் எனக்கு இன்றும் உண்டு. ஒன்று மட்டும் உறுதி: மீட்டர் தான் நிற்கும் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும், இரண்டு இடத்தில் அளக்காமல் ஆள்மேல் பழி எழுதாதீர்கள்.

முன் அனுமதி இல்லையென்று ஆபீஸ் பில்லைத் திருப்பிவிட்டது. தெர்மாமீட்டர் 340, பஸ் 28. ஆக 368 ரூபாய் என் கைக்காசு.