வியாகுலம்மாளின் தாடியும் மூன்றாம் ஓலையும்

1932-இல் முட்டத்து வியாகுலம்மாளுக்கு மணக்குடி மரியானோடு கல்யாணம் பேசி, கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு யாரும் எழுந்து தடை சொல்லாவிட்டால் தாலி. சொன்னால், அந்தப் பெண்ணை அப்புறம் எந்தக் கடற்கரையிலும் கேட்க ஆளிருக்காது.

வியாகுலத்துக்குத் தாடி முளைத்தது. தலையில் மீன்கடவம் சுமக்கிற அந்தப் பெண்ணுக்கு வயசுக்கு வந்த மறுவருஷமே தாடை கறுத்துவிட்டது. மஞ்சள் பூசிப் பார்த்தாள். சுண்ணாம்பு தடவித் தோல் வெந்ததுதான் மிச்சம். பிறகு சவரக்கத்திதான். குடும்பத்தில் யாரோ செய்த பாவம் என்றார்கள். பாவம் தாடையில் முளைக்கும் என்றால் ஊரில் பாதிப்பேருக்கு முழங்கால்வரை அல்லவா தொங்க வேண்டும்?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சேதி மாப்பிள்ளையின் அக்காள் செசிலி காதுக்குப் போனது. முட்டம் கோயிலுக்கே வந்து தடை சொல்லப் போவதாக அவள் ஆள் விட்டாள்.

தன் ஓலையைக் கல்யாணப்பெண் கேட்கக்கூடாது என்பது வழக்கம்.

"நான் இல்லாத எடத்துல எனக்க மொகத்தப் பத்திப் பேசுவாளா?" என்று வியாகுலம் கிளம்பிவிட்டாள். அம்மா சவேரியம்மாளும் கூடவே வந்தாள்.

பங்குச் சாமியார் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். செசிலி எழுந்தாள்.

"உண்டு சாமி. அவளுக்குத் தாடி உண்டு. ஆணா பொண்ணான்னு தெரியாம எனக்க தம்பிக்கு எப்பிடிக் கெட்டி வைக்கியது?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. வாதாட வந்த வியாகுலம் முந்தானையை இழுத்துத் தாடையை மூடிக்கொண்டாள்.

சவேரியம்மாள் எழுந்து போய், செசிலியின் கையைப் பிடித்துத் தன் தாடையில் வைத்தாள்.

"தடவிப் பாரு மக்கா. குத்துதா? இன்னைக்கு வெடியக்காலம் வழிச்சதாக்கும். இத வச்சுக்கிட்டுதான் ஆறு பிள்ள பெத்தேன். அவளுக்கு எனக்க ரத்தம். வேற ஒண்ணும் இல்ல."

செசிலி கையை இழுத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். சாமியார் மறுபடியும் கேட்டார். யாரும் எழவில்லை. கல்யாணம் உறுதியானது.

வெளியே வந்ததும் வியாகுலத்துக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"எனக்கு மட்டுந்தான் இந்தச் சாபம்னு நெனச்சுக் கடல்ல சாடப் போனவ நான். எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அம்மா?"

சவேரியம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"உங்க அப்பனே சாவுறது வரைக்கும் இத அறியல்ல மக்கா."